கேம்பஸ் டெஸ்டில் டிஸ்லெக்சியாவைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

வாசகர் கேள்வி: ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 21 வயது, பி.காம். சி.ஏ. கடைசி வருடம். எட்டாவது படிக்கும்போது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் சிரமம், கூடவே எழுதுவதிலும் சிரமம் என்று ஒரு தனியார் மையத்தில் ரிப்போர்ட் கொடுத்தார்கள். பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் எல்லாம் கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்ததும் 'இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்றுவிட்டான். இப்போது இரண்டு அரியர். கேம்பஸுக்கு வந்த மூன்று கம்பெனிகளில் இரண்டில் ஆப்டிட்யூடிலேயே வெளியே வந்துவிட்டான். மூன்றாவதில் இன்டர்வியூ வரை போனான். 'உங்களைப் பற்றிக் கையால் ஒரு பக்கம் எழுதுங்கள்' என்றதும் பேப்பரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். ரெஸ்யூமே போடுவது, கம்பெனி மெயிலுக்குப் பதில் அனுப்புவது எல்லாம் நான்தான். துணியைத் தொட்டுப் பார்த்தே கவுன்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்ற கணக்கு) சொல்வான், கடைக்கு வரும் யாரிடமும் நன்றாகப் பேசுவான். அப்பாவுக்குக் கனி மார்க்கெட் பக்கம் துணிக்கடை. 'வேலைக்கெல்லாம் போக வேண்டாம், கடையில் உட்காரட்டும்' என்கிறார். சர்டிபிகேட் வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகுமோ என்று அம்மாவுக்குப் பயம். கம்பெனிகளிடம் சொல்லலாமா, மறைப்பதுதான் நல்லதா? 'எனக்கு ஒண்ணும் வராதுக்கா' என்று அவன் சொல்லும்போது என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லலாம். சொல்வதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் யாரிடம், எந்தக் கட்டத்தில், என்ன உதவி கேட்பதற்காகச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், அதைச் சொல்ல வேண்டியவர் தம்பி. நீங்களோ அம்மாவோ இல்லை. இது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த டெஸ்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் 'ஒண்ணும் வராது' என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதியாகியிருக்கிறது.

ஆப்டிட்யூட் டெஸ்டில் ஒரு கேள்விக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் கிடைக்கும். 150 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம், 300 மீட்டர் பாலம், கடக்க எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 15 மீட்டர், மொத்தம் 450 மீட்டர், ஆக 30 விநாடி. கணக்கு இவ்வளவுதான். ஆனால் திரையில் அது ஆங்கிலத்தில் மூன்று நான்கு வரியாக நிற்கும். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டுக் கணக்குக்குப் போய்விடுவார்கள். டிஸ்லெக்சியா இருப்பவர் முதல் தடவை வார்த்தைகளைப் பிடிப்பதிலேயே இருப்பார், இரண்டாவது தடவை எந்த எண் ரயிலுக்கு எந்த எண் பாலத்துக்கு என்று பிரிப்பார், அதில் ஒரு சந்தேகம் வந்து மூன்றாவது தடவை படிப்பார், திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வருவது வேறு கண்ணில் படும். கணக்குப் போட அவருக்கு மிஞ்சுவது பத்து விநாடி. அந்த டெஸ்ட் அளந்தது அவருடைய வாசிப்பு வேகத்தை. கணக்கறிவுக்கு அங்கே வாய்ப்பே கிடைக்கவில்லை.

இது உங்கள் தம்பி விஷயத்திலும் உண்மைதானா என்று நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒரு பழைய ஆப்டிட்யூட் தாளில் ஒரே தரத்தில் 20 கேள்வி எடுங்கள். பத்தை அவரே படித்து, கடிகாரம் வைத்துப் போடட்டும். மீதிப் பத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், அவர் கேட்டுவிட்டுப் போடட்டும். இரண்டாவது பத்தில் மதிப்பெண் தெளிவாக ஏறினால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது, அதற்கு உதவி கேட்க அவருக்குக் காரணம் கையில் இருக்கிறது. ஏறவில்லை என்றால் கணக்கிலேயே தனியாக ஒரு சிரமம் இருக்கலாம், டிஸ்கால்குலியா என்று அதற்குப் பெயர், அதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் வேறு வேறு நாளில் இரண்டு மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள், ஒரு நாள் சோர்வை வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்தச் சோதனையின் முடிவைத் தம்பி தன் கண்ணால் பார்க்கட்டும். 'நீ கெட்டிக்காரன்டா' என்று நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட இது அவருக்கு உதவும்.

பள்ளியில் கிடைத்த உதவி கல்லூரியில் எப்படி நின்றுபோனது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பள்ளியில் ஹெட்மாஸ்டரும் நீங்களும் சேர்ந்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து வாங்கிக் கொடுத்தீர்கள், தம்பி போய் உட்கார்ந்து எழுதினார். கல்லூரியில் யாரும் தேடி வந்து கேட்கமாட்டார்கள், மாணவர்தான் போய்க் கேட்க வேண்டும். புது இடம், புது நண்பர்கள், 18 வயது, அங்கே போய் எனக்கு இந்தச் சிரமம் என்று சொல்ல எந்தப் பையனுக்கும் மனசு வராது, அதற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் டிஸ்லெக்சியா வயசானால் போய்விடுகிற விஷயம் இல்லை. சமாளிக்கும் வழிகள் கூடும், வாசிப்பு வேகம் ஓரளவு ஏறும், அவ்வளவுதான். அதனால் இப்போதாவது கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

அந்த இரண்டு அரியரிலிருந்தே தொடங்குங்கள். பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் இத்தனை சதவீதம், அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்பது பல கம்பெனிகள் முதலிலேயே போடும் வடிகட்டி. எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அரியர் இருந்தால் அந்தக் கதவுக்குள் போக முடியாது. எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் தேர்வு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 40 சதவீத ஊனம் இருப்பவர்களுக்கு 2018-லேயே இது வந்துவிட்டது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு வழி திறந்தது விகாஷ் குமார் என்பவர் யூ.பி.எஸ்.சி.க்கு எதிராகப் போட்ட வழக்கில்தான். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை அவருக்கு, சொல்வதை எழுதுபவரைத் தர மறுத்தார்கள், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: தேவையான வசதி கேட்கும் உரிமை 40 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் உரியதில்லை என்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர்களுக்கும் தனி வழிகாட்டுதல் வந்தது. கல்லூரி முதல்வர் மூலமாகப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் போய் நின்றால் நடக்காது, இப்போதே போக வேண்டும்.

இதற்கெல்லாம் மருத்துவச் சான்று கேட்பார்கள். எட்டாவதில் தனியார் மையம் கொடுத்தது ரிப்போர்ட்தான், அரசு சான்றிதழ் ஆகாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு விதிகள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்கச் சொல்லின. 18-ல் கொடுக்கும் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றும் சொல்லின. தம்பி அந்த 18 வயதுப் பரிசோதனைக்குப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், கற்றல் குறைபாட்டுக்கு எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பழைய ரிப்போர்ட், பத்தாவது பிளஸ் டூ சலுகை உத்தரவு, இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். வயது வந்தவர்களிடம் 'இது எப்போதிலிருந்து' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அங்கே அலைச்சல் ஆனால் சென்னை முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது, மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனிலும் யாரைப் பார்க்கலாம் என்று விசாரிக்கலாம்.

சான்றிதழால் என்ன கிடைக்கும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு. அதில் ஒரு சதவீதம்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லோருக்கும் சேர்த்து, அதுவும் 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால். கதவு இருக்கிறது, ஆனால் குறுகல். தனியார் கம்பெனிகளுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. ஆனால் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எல்லா நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் என்னென்ன வசதி தருவார்கள், ஆள் எடுப்பது எப்படி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், அதைக் கவனிக்க ஓர் அலுவலரும் வேண்டும். கேம்பஸுக்கு வரும் கம்பெனியின் வெப்சைட்டில் ஈக்வல் ஆப்பர்சூனிட்டி பாலிசி என்று தேடிப் பாருங்கள். இருந்தால் படித்துவிட்டு அதன் பெயரைச் சொல்லியே கேட்கலாம். இல்லாவிட்டாலும் கேட்கலாம்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, நம் ஊரில் அது காரணமில்லாத பயமும் இல்லை. ஆனால் அந்த அட்டை தம்பியின் பர்ஸில் இருக்கப் போகிறது, யாரிடம் காட்டுவது என்பது அவர் முடிவு. கல்யாணப் பேச்சு வரும்போது வேலையும் சம்பளமும் இருந்து, 'எனக்கு வாசிக்க நேரமாகும், மற்றபடி ஒன்றுமில்லை' என்று அவரே பெண்ணிடம் சொல்லும் நிலை வந்தால் அது நல்ல இடத்திலிருந்து தொடங்குகிற பேச்சு. மறைத்துச் செய்த கல்யாணத்தில் பின்னால் வருகிற மனஸ்தாபத்தை நினைத்துப் பாருங்கள்.

சரி, கம்பெனியிடம் எப்போது சொல்வது? டெஸ்டுக்கு முன்னால். பிளேஸ்மென்ட் ஆபீசர் வழியாக, கம்பெனி வருவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே. ஆன்லைன் டெஸ்ட்களில் பெரும்பாலும் வேறு எந்த ஆப்பும் திறக்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள், போனில் படித்துக் காட்டும் வசதி அங்கே உதவாது, அன்று காலையில் போய்ச் சொன்னால் எச்.ஆர். நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. டெஸ்டே இல்லாத சின்ன நிறுவனங்களில், இன்டர்வியூ முடியும் தறுவாயிலோ ஆஃபர் வந்த பிறகோ சொன்னால் போதும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் நிறையப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'எனக்கு டிஸ்லெக்சியா சார்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, பயந்துபோவார், இல்லாவிட்டால் பரிதாபப்படுவார், இரண்டுமே நமக்கு வேண்டாம். சிரமம் ஒரு வரி, வேண்டியது ஒரு வரி, வருவது ஒரு வரி. இப்படி: 'சார், எனக்கு டிஸ்லெக்சியா இருக்கு, படிக்க மத்தவங்களைவிட நேரம் ஆகும். டெஸ்ட்ல மணிக்கு இருபது நிமிஷம் கூடுதலா வேணும், கையால எழுதறதுக்குப் பதிலா டைப் பண்றேன். கஸ்டமர்கிட்ட பேசறது, ஸ்டாக் பார்க்கறது அப்பா கடையில நாலு வருஷமா செய்யறேன், அது எனக்கு நல்லா வரும்.' இவ்வளவு போதும். மூன்றாவது கம்பெனியில் பேப்பரைக் கொடுத்தபோது இந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்திருந்தால் அவர் எழுந்து வந்திருக்க மாட்டார். வார்த்தைகள் அவருடையதாக இருக்கட்டும், நீங்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். போனில் ரெக்கார்டு செய்து அவரே கேட்டுக் கேட்டுத் திருத்தட்டும். முதலில் கல்லூரியில் நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரெஸ்யூமே, மெயில், ஃபார்ம் எல்லாம் உங்கள் கையால் நடக்கிறது. இத்தனை வருஷம் அவர் பாஸாகி வந்ததில் உங்கள் உழைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கம்பெனி அந்த மெயிலைப் பார்த்து ஓர் ஆளை எதிர்பார்க்கும், வேலைக்கு வருவது இன்னோர் ஆளாக இருப்பார், முதல் வாரத்திலேயே அவரை ஒரு மெயில் போடச் சொல்வார்கள். அதனால் இனி அவர் குரலில் சொல்லி டைப் ஆகட்டும், வோர்டிலும் போனிலும் அந்த வசதி இருக்கிறது, தமிழிலும் வரும். வந்த மெயிலை அதுவே வாய்விட்டுப் படித்துக் காட்டும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; கண்ணுக்குத் தப்பிய பிழை காதில் பிடிபடும். நீங்கள் கடைசியில் ஒரு பார்வை பார்த்துத் திருத்தம் சொல்லலாம், திருத்துவது அவர் கை. பிளேஸ்மென்ட் ஆபீசரைப் பார்க்க நீங்கள் கூடப் போவதானால் வெளியில் உட்காருங்கள்.

எந்த வேலை என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. பி.காம். முடித்தால் அக்கவுன்ட்ஸ் என்று நாம் எல்லோருமே நினைத்துவிடுகிறோம். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்டின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து பில் என்ட்ரி. ஜி.எஸ்.டி. எண் ஒவ்வொன்றும் 15 இலக்கம், தமிழ்நாட்டுக்கு 33, அப்புறம் பத்து இலக்கத்தில் பான், எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அதிலாவது ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் சிஸ்டமே ஏற்காது. 5,680 என்ற தொகையை 5,860 என்று போட்டுவிட்டால் எதுவும் தடுக்காது, மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும், அதற்குள் யார் போட்ட என்ட்ரி என்று தேடுவார்கள். தம்பியின் பலவீனம் எதுவோ அதையே நாள் முழுக்கக் கேட்கிற வேலை இது. டிஸ்லெக்சியா இருப்பவர்கள் கணக்கு வேலைக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, போய் நன்றாகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் முதல் வேலையிலேயே தோற்றுத் திரும்பினால் அப்புறம் அவரை எழுப்பி நிறுத்துவது கஷ்டம்.

அவருக்கு வருவது என்ன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: துணியைத் தொட்டால் கவுன்ட் தெரிகிறது, வருகிறவர்களிடம் பேச்சு வருகிறது. ஈரோட்டில் இருந்துகொண்டு, திருப்பூர் பக்கத்தில் இருக்கும்போது, இது சின்ன மூலதனம் இல்லை. பனியன் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசர் என்ன செய்கிறார்? ஆர்டர் வந்ததிலிருந்து நிட்டிங், டையிங், பிரின்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வோர் இடமாகப் போய், கலர் சரியாக வந்ததா, சாம்பிள் எப்போது கிடைக்கும் என்று பின்தொடர்கிறார். பாதி நாள் போன், பாதி நாள் யூனிட்டில் நடை. பையரிடமிருந்து, அதாவது ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து, ஆங்கில மெயில் வரும், அது சிரமம்தான், ஆனால் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், நாலு வரிப் பதில்தான் போட வேண்டியிருக்கும், அதற்கு மாதிரிகள் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். ஜவுளிக் கடைகளில் பர்ச்சேஸ், மில்லில் குவாலிட்டி, ஷோரூமில் ஃப்ளோர் மேனேஜர் ஆகிற வழி, இவற்றையும் பாருங்கள். அப்பாவுக்குத் தெரிந்த வியாபாரி யாரிடமாவது சொல்லி, லீவில் இரண்டு வாரம் கூடவே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படிக்கவும் எழுதவும் வேண்டியிருந்தது என்று மட்டும் கவனித்துவிட்டு வரட்டும். டிகிரி முடித்த பிறகு ஒரு வருஷம் அப்ரன்டிஸாகப் போகிற வழியும் இருக்கிறது, உதவித்தொகையோடு; தெற்கு மண்டலத்துக்கு தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம்தான் பார்க்கிறது. டெஸ்டில் காட்ட முடியாததை வேலையில் காட்ட அப்ரன்டிஸ் வருஷம் நல்ல வாய்ப்பு.

வேலை கிடைத்த பிறகு முதல் மூன்று மாதம்தான் முக்கியம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் சேர்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும், இவரைப் போலவே டிஸ்லெக்சியா. காலையில் சூப்பர்வைசர் பத்து வேலையை மடமடவென்று வாயால் சொல்லிவிட்டுப் போவார், எழுதிக்கொள்ள இவரால் முடியாது, மத்தியானத்துக்குள் நாலு மறந்துவிடும். இரண்டாவது வாரமே நல்ல பெயர் போயிற்று. அப்புறம் அவரே போய், 'அண்ணா, இதையே வாட்ஸ்அப்பில் வாய்ஸா போட்டுவிடுங்க' என்று கேட்டார். சூப்பர்வைசருக்கு அது இன்னும் சுலபமாக இருந்தது. எந்த ஊர், எந்த மாடல் என்பதை இவர் திருப்பி ஒரு வாய்ஸில் சொல்லி உறுதி செய்துகொள்வார். அவ்வளவுதான் மாற்றம். இன்று புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறார். தம்பிக்கு என்ன மாற்றம் வேண்டியிருக்கும் என்பது வேலையைப் பார்த்த பிறகுதான் தெரியும். தெரிந்த அன்றே கேட்க வேண்டும், தப்பு சேர்ந்த பிறகு காரணமாகச் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எச்.ஆர்., நேர் மேலதிகாரி, இரண்டு பேர் போதும். நீங்கள் மேனேஜருக்கு போன் செய்யக் கூடாது.

கடைசியாக அப்பா. கடையில் உட்காருவது மோசமான யோசனை என்று நான் சொல்லமாட்டேன், நல்ல வியாபாரிகளாக ஆனவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். தம்பிக்கு அது பிடித்து, அவரே கேட்டு வந்தால் தாராளமாக உட்காரட்டும். அப்போது மாதச் சம்பளம் பேசி, கொள்முதலோ மொத்த வியாபாரமோ ஒரு பகுதியை முழுசாக அவர் பொறுப்பில் கொடுத்து, லாப நஷ்டம் அவரைக் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். 'வேறு எங்கேயும் இவனுக்கு முடியாது' என்று உட்கார வைத்தால் கல்லாவுக்குப் பின்னால் இருந்தாலும் 'எனக்கு ஒண்ணும் வராது' என்பது அவரோடு சேர்ந்தேதான் உட்காரும். அதனால் அப்பாவிடம் ஒரு வருஷம் அவகாசம் கேளுங்கள். இந்த செமஸ்டரில் அரியரை முடிப்பது, சான்றிதழ், இரண்டு வாரம் திருப்பூரில் போய்ப் பார்ப்பது, அப்புறம் ஒரு வேலையோ அப்ரன்டிஸோ. அந்த வருஷம் முடிந்ததும் கடையா வெளியிலா என்று தம்பி சொல்லட்டும், அப்பா அதைக் கேட்டுக்கொள்ளட்டும்.